திங்கட்கிழமைப் பாடத்திலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்

வேலூர் மாவட்ட ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் கருத்தாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், கருத்தாளர்களாக அழைக்கப்படும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அணைக்கட்டு ஒன்றியத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். பணியில் இருந்துகொண்டே தொலைநிலையில் கற்பித்தல் வடிவமைப்பு படிக்கிறேன். யாருக்கு, எதை, எந்த வரிசையில் கற்றுக்கொடுத்தால் அவர் அதை உண்மையில் செய்யத் தொடங்குவார் என்று ஆராயும் துறை அது. படிப்பின் ஒரு பகுதியாக ஒரு பயிற்சித் திட்டத்தை முழுமையாக வடிவமைக்க வேண்டியிருந்தது. வேறு எங்கும் தேடாமல், நம் ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியையே எடுத்துக்கொண்டேன். அதற்காக அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினேன், சில வகுப்புகளின் பின் வரிசையில் அமர்ந்து பார்த்தேன். அதில் புரிந்ததை மதிப்பெண்ணுக்காகச் சமர்ப்பித்துவிட்டு மூடி வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு அட்டவணை போடும் முன் இதைப் படித்துப் பாருங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஆசிரியர் திங்கட்கிழமை காலை தன் வகுப்பில் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை முதலில் எழுதி வையுங்கள். பயிற்சியில் இடம்பெறும் எல்லாமே அந்த வேலைக்காக வரட்டும். அதற்கு உதவாததை, எவ்வளவு நல்ல விஷயமானாலும், வேறொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

உங்கள் பணிச்சுமை தெரியாமல் எழுதவில்லை. பள்ளிப் பார்வை, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) விவரம், எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி என்று எது வந்தாலும் அது உங்கள் தலையில்தான் விழுகிறது. மாநில அளவில் தயாராகி வரும் பயிற்சிப் பெட்டகத்தை (பயிற்சிக்கான கையேட்டுத் தொகுப்பை) அப்படியே நடத்த வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. ஆனாலும் வட்டார வள மையத்தின் அறைக்குள், காலை பத்து மணிக்கும் மாலை நாலரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பற்றித்தான் பேச வருகிறேன்.

கருவிகள் வந்துவிட்டன. 2018-இல் பாடநூலில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெரிய பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. அப்புறம் தொடக்கப் பள்ளிகளுக்கென்று 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என்று அரசு அறிவித்தது. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருக்கும் கேள்வி, அந்தத் திரை ஒரு நாளில் எத்தனை நிமிடம் பாடத்துக்காக எரிகிறது என்பதுதான். இதயம் எப்படி விரிந்து சுருங்குகிறது என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் அசையும் படமாகப் பார்த்த அன்று, "தூங்கும்போதும் இப்படியே துடிக்குமா மிஸ்?", "பயந்தா ஏன் வேகமா அடிக்குது?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. புத்தகப் படத்தை மட்டும் காட்டிய வருடங்களில் அவ்வளவு கேள்விகள் வந்ததில்லை. ஜவ்வாது மலையடிவாரத்துப் பிள்ளைக்கு அந்தக் காட்சி பள்ளியில் கிடைக்கவில்லை என்றால் வேறு எங்கே கிடைக்கும்? எனக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கற்பித்தல் வடிவமைப்பு என்ற துறை பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்து வளர்ந்ததில்லை. 1975-இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்காக ஒரு நடைமுறையை வகுத்தது. தேவையை ஆராய்வது, வடிவமைப்பது, உருவாக்குவது, நடத்துவது, சரிபார்ப்பது என்று இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் ஐந்து கட்டங்கள் அந்த வழியில் வந்தவை. நம்மிடம் நடுவில் உள்ளவை நன்றாகவே நடக்கின்றன. பெட்டகம் தயாராகிறது, பயிற்சி நடக்கிறது. முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் இளைத்துப்போய் நிற்கின்றன.

முதல் கட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் குறை பயிற்சியால் தீருமா என்பது. ராபர்ட் மேஜர், பீட்டர் பைப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1970-இல் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி சொன்னார்கள். ஒருவர் ஒரு வேலையைச் செய்யாமல் இருக்கிறார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதைச் செய்தே ஆக வேண்டும் என்றால் அவரால் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்குத் திறமை இருக்கிறது. தடுப்பது வேறு ஏதோ ஒன்று. அங்கே பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பள்ளிகளைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஸ்மார்ட் போர்டைத் தொடாதவர்களில் பலருக்கு அதை இயக்கத் தெரியும். வீட்டில் டி.வி.யில் யூடியூப் போடுகிறவர்கள் அவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் பேசுகிறவர்கள். பள்ளியில் மட்டும் ஏன் தொடுவதில்லை? போர்டு உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற பயம் முதல் காரணம். அதனால் அந்த அறை பூட்டியே இருக்கிறது, சாவி எச்.எம். மேசையில் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பைத் திரைமுன் உட்காரவைத்தால் மற்றவர்களை யார் பார்ப்பது? டேபை, அதாவது அந்தக் கையடக்கக் கணினியை, எடுத்தால் முதலில் வருகைப்பதிவு, அப்புறம் ஏதாவது ஒரு விவரப் பதிவு. அதற்குள் சார்ஜ் பாதியாகிவிடுகிறது. சில இடங்களில் நெட் என்பதே ஆசிரியரின் சொந்தப் போன் ஹாட்ஸ்பாட்தான். பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமத்தில் வேலை பார்ப்பவரிடம் ஆன்லைன் வளங்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினாலும், அவர் மலை ஏறியதும் சிக்னல் இல்லை என்றால் அந்த நாள் வீண்.

இவற்றில் எதையும் பயிற்சி தீர்க்காது. ஆனால் பயன்பாடு குறைவாக இருக்கிறது என்று தெரிந்ததும் நம் அமைப்பு உடனே செய்வது இன்னொரு பயிற்சி வைப்பதுதான். உங்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுவே. பயிற்சிக்கு முன்னால் ஒன்றியத்தில் நாலைந்து வகைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு பக்கம், தெரியாததால் செய்யாதவை. மறுபக்கம், தெரிந்தும் செய்ய முடியாதவை. முதல் பத்தி உங்கள் பயிற்சியின் பொருளடக்கம். இரண்டாவது பத்தி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் போக வேண்டியது. "பாடம் நடத்தும்போது கருவி பழுதானால் ஆசிரியர் பொறுப்பல்ல" என்று ஒரே ஒரு சுற்றறிக்கை வந்தால், நாள் கணக்கில் நடத்தும் பயிற்சியைவிட அதிகமான அறைகளின் பூட்டு திறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பேரணாம்பட்டு, வேலூர் நகரம் போன்ற இடங்களின் உருது வழிப் பள்ளிகளையும் அந்தத் தாளில் சேருங்கள். தமிழில் தட்டச்சு செய்வது, குரல்வழியில் தமிழ் எழுதுவது என்று ஒரு பாடவேளையை ஒதுக்குகிறோம். வலமிருந்து இடமாக எழுதும் மொழியில் பணித்தாள் தயாரிக்க வேண்டிய ஆசிரியர் அந்த நேரத்தில் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது உருது விசைப்பலகையை டேபில் சேர்ப்பது எப்படி என்பதும், தன் பாடத்துக்குப் பொருந்தும் காணொளி எங்கே கிடைக்கும் என்பதும்தான். அவரையும் மற்றவர்களோடு உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவது நியாயமில்லை.

சரி, முதல் பத்தியில் எழுதியவற்றுக்கு வருவோம். பெட்டகங்களின் முதல் பக்கத்தில் நோக்கங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். "ஆசிரியர்கள் டிஜிட்டல் வளங்களின் முக்கியத்துவத்தை உணர்வர்", "தொழில்நுட்பத்தைத் திறம்படப் பயன்படுத்துவர்" என்ற மாதிரி வாக்கியங்கள். இவற்றை யாரும் மறுக்க முடியாது, ஆனால் நடந்ததா இல்லையா என்று பார்க்கவும் முடியாது. மேலே சொன்ன மேஜர் 1962-லேயே இதற்கு மாற்று சொன்னார். நோக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: கற்றவர் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும்.

நான் என் திட்டத்துக்காக எழுதிய ஒரு நோக்கத்தை அப்படியே தருகிறேன். "ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்தும் ஆசிரியர், நெட் இல்லாத வகுப்பறையில், முந்தைய நாளே டேபில் இறக்கி வைத்த நான்கு நிமிட வீடியோவை, நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் திரையிடுவார். இரண்டு இடங்களில் நிறுத்துவார். ஒவ்வோர் இடத்திலும் அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் விடையை நோட்டில் எழுதிய பிறகே வீடியோவைத் தொடர்வார்."

இப்படி எழுதியதும் பயிற்சி நாளின் வடிவமே மாறிவிட்டது. வீடியோவை எங்கிருந்து எடுப்பது, எந்த ஃபோல்டரில் வைப்பது, டேபைத் திரையோடு எப்படி இணைப்பது என்று கருவி தொடர்பான வேலைகள் கொஞ்சம்தான் தேறின. மீதி எல்லாம் ஆசிரியர் வேலை. வீடியோ மொத்தத்தையும் ஓடவிடாமல் எங்கே நிறுத்துவது? நிறுத்திய இடத்தில் என்ன கேட்பது? பின் வரிசைப் பிள்ளைக்குத் திரை தெரிகிறதா? வீடியோவில் ஒரு சொல், பாடநூலில் வேறொரு சொல் வந்தால் என்ன செய்வது? இலையில் உணவு தயாராவதைக் காட்டும் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு அறிவியல் ஆசிரியர்கள் நாலு பேர் எங்கே நிறுத்தலாம் என்று பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அந்தப் பேச்சுதான் பயிற்சியின் உயிர் என்று நினைக்கிறேன். பொருளறிவு, கற்பிக்கும் முறை, கருவியறிவு மூன்றும் பிணைந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் பாடமாகிறது என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் விளக்கி எழுதினார்கள். அதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அறிவியல் ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே செயலியைக் காட்டுவது வேலைக்காகாது. பாடவாரியாகப் பிரியுங்கள்.

அடுத்து, பயிற்சி அறைக்குள் கை யாருடையது என்ற விஷயம். பெரும்பாலான பயிற்சிகளில் ப்ரொஜெக்டரும் மவுசும் கருத்தாளரிடம் இருக்கும், ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இங்க க்ளிக் பண்ணுங்க, அப்புறம் இதை ஓப்பன் பண்ணுங்க" என்று வேகமாகப் போகும். பின்தங்குபவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்பார், அதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடும். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும் ஓர் ஆசிரியை என்னிடம், "கேட்டா மத்தவங்க நேரம் வீணாகுமேன்னு பேசாம இருந்துடுவேம்மா" என்றார். அவர் பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். பெருக்கல் வாய்பாட்டைப் பிள்ளைகள் ஓடி வந்து ஒப்பிக்கும் அளவுக்கு ஆசையோடு கற்றுத் தருகிறவர். அப்படிப்பட்டவரை ஒரு நாள் முழுக்க வாய் மூடி உட்கார வைக்கும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது, அவரிடம் இல்லை.

இதைப் பற்றி நான் படித்ததில் மிகவும் பிடித்தது ஜான் கேரலின் ஆய்வு. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், அலுவலகத் தட்டச்சர்கள் புதிதாக வந்த கணினித் தட்டச்சு முறையை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அவரும் அவர் குழுவும் கவனித்தார்கள். கனமான கையேட்டை வரிசையாகப் படித்துக் கற்றவர்கள் குறைவு. தங்கள் கடிதத்தை அடித்து முடிக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் அவசரம். படிக்காமலே இறங்கிச் செய்து பார்த்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், வெளியே வரத் தெரியாமல் தவித்தார்கள். அதனால் கேரல் கையேட்டைச் சுருக்கினார். உண்மையான வேலையை முதலிலேயே கொடுத்தார். தவறு நேர்ந்தால் எப்படி மீள்வது என்பதற்குக் கையேட்டில் இடம் ஒதுக்கினார். சிறிய கையேட்டை வைத்துக் கற்றவர்கள் விரைவாகவும் நன்றாகவும் கற்றார்கள்.

தவறிலிருந்து மீள்வது என்ற அந்த ஒரு விஷயத்தை நம் பயிற்சியில் சேர்த்தாலே பெரிய மாற்றம் வரும். முப்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் திரையில் 'நோ சிக்னல்' என்று வந்து நிற்கும் அந்த நிமிடத்துக்குத்தான் ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஒரு முறை அப்படி ஆனால் அந்த வருடம் முழுக்கப் போர்டின் பக்கம் போக மாட்டார்கள். எனவே பயிற்சி அறையிலேயே வேண்டுமென்று கேபிளைப் பிடுங்குங்கள். ஒலியை அணைத்து வையுங்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆசிரியர் தானாகச் சரிசெய்யட்டும். சரியாகவில்லை என்றால் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எப்படித் தொடர்வது என்பதையும் அங்கேயே யோசித்து வைக்கட்டும். வேலூர் வெயிலில் மின்விசிறியும் சேர்ந்து நின்றுபோகும் பிற்பகலில் இந்த முன்னேற்பாடு அவருக்குக் கைகொடுக்கும். வழக்கமாக வரும் கோளாறுகளுக்கு ஒரு பக்கத் தாள் போதும். பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிட்டுப் போர்டின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். தடிமனான பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாரும் திறப்பதில்லை.

ஒரே நாளில் ஏழெட்டுச் செயலிகளைக் காட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். மனம் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்கக்கூடிய புதுச் செய்திகள் மிகக் கொஞ்சம் என்பதை ஜான் ஸ்வெல்லர் 1988-இலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து சொல்லி வருகிறார். நம் பிள்ளைகளுக்கு ஒரே பாடவேளையில் மூன்று பாடம் நடத்துவோமா? ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன்?

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆசிரியர்கள் அதிகம் கேட்டது. வினாத்தாள். பழைய தமிழ் எழுத்துருவில் யாரோ அடித்துக் கொடுத்த கோப்பை டேபில் திறந்தால் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வருகிறது. அதைப் பார்த்துத் தங்களுக்குத்தான் கணினி வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். யூனிகோடு என்றால் என்ன, பழைய கோப்பை எப்படி மாற்றுவது, இனி எல்லாவற்றையும் யூனிகோடிலேயே எப்படி அடிப்பது என்று அரை நாள் சொல்லிக் கொடுத்தால், தேர்வுக்கு முந்தைய வாரம் டி.டி.பி. கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆசிரியருக்கு அன்றாடம் வலிக்கும் இடத்தில் தொட்டால் மீதிக் கருவிகளின் மேலும் நம்பிக்கை வரும்.

இனி, அடுக்கு முறைப் பயிற்சி. மாநிலத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்தில், மாவட்டத்தில் கற்றவர்கள் ஒன்றியத்தில், அப்புறம் பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த குறுவள மையத்தில். எண்ணிக்கை அதிகமான இடத்தில் வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் நாட்கள் குறைகின்றன. மேலே மூன்று நாள் நடந்தது கீழே ஒரு நாளாகச் சுருங்கும்போது விரிவுரை அப்படியே இருக்கிறது, கையால் செய்து பார்க்கும் நேரம்தான் வெட்டுப்படுகிறது. வெட்ட வேண்டியது முன்னுரைகளையும் விளக்கவுரைகளையும்தான். வரவேற்பு, வாழ்த்துரை, திட்ட விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அரை மணிக்குள் முடித்துவிட்டு டேபைக் கையில் கொடுங்கள்.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980 முதல் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்தார்கள். கோட்பாடு சொன்னால் ஆசிரியருக்குப் புரிகிறது. செய்து காட்டினால் இன்னும் புரிகிறது. செய்ய வைத்தால் திறமையும் வருகிறது. ஆனால் அந்தத் திறமை வகுப்பறைக்குள் போய் நிலைக்க, பயிற்சிக்குப் பிறகு அவர் வகுப்பிலேயே ஒரு சக ஆசிரியரின் துணை வேண்டும் என்று கண்டார்கள். குடியாத்தத்தில் நெசவு பழகுபவரைத் தறியில் உட்கார வைத்து, இழை அறுந்தால் எடுத்துக் கட்ட ஒருவர் பக்கத்திலேயே இருந்துதான் பழக்குகிறார்கள். ஆசிரியருக்கும் முதல் சில பாடங்களுக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

இதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கியபோது, ஆசிரியர்கள் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பை நேரில் பார்த்தார்கள். திரும்பி வந்து அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். கொத்தடிமை முறையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக இந்த மாவட்டத்தில் நடத்திய பள்ளிகளில்தான் அதற்கு முதல் விதை விழுந்தது என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். பின்னாளில் மாநிலம் முழுக்கப் பரவிய வேகத்தில் அந்த முறையில் பல குறைகள் வந்தன என்பது வேறு கதை. ஆனால் ஆசிரியர் நேரில் பார்த்து, கையால் செய்து, தன் வகுப்பில் சோதித்த அந்தத் தொடக்கம் சரியானது.

எனவே குறுவள மையக் கூட்டத்தை வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம். அன்று பேச்சு வேண்டாம். ஏதாவது ஒரு பள்ளியில், ஒரு ஆசிரியர் தன் பிள்ளைகளுக்குத் திரையை வைத்து உண்மையான பாடம் நடத்தட்டும், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். பாடம் முடிந்ததும் பேசுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் இரண்டிரண்டு பேரை இணை சேர்த்து விடுங்கள். மாதத்தில் ஒரு பாடவேளை ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க ஓ.டி. (வேறு பள்ளிக்குப் போவதைப் பணியாகவே கணக்கிடும் அனுமதி) கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இணை சேர்க்கும்போது கருவியில் கெட்டிக்காரரான இளம் ஆசிரியரையும், பாடம் நடத்துவதில் கைதேர்ந்த மூத்தவரையும் சேர்த்தால் இருவருக்கும் கொடுக்க ஏதாவது இருக்கும். மூத்தவர் தாழ்வாக உணர மாட்டார்.

கடைசிக் கட்டம், சரிபார்ப்பது. மாலை நாலரைக்கு, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், கூகுள் ஃபார்மில் "பயிற்சி பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லோரும் அமுக்கிவிட்டுப் போகிறோம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, திரும்பிப் போய்ச் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. நம் ஃபார்ம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. பின்தேர்வு வைத்தால் இரண்டாவது படி. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. பயிற்சி முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, பத்துப் பள்ளிகளுக்குப் போய் ஒரே ஒரு பாடத்தைப் பாருங்கள். அந்த நான்கு நிமிட வீடியோ இரண்டு இடத்தில் நின்றதா, பிள்ளைகள் நோட்டில் எழுதினார்களா என்பது மட்டும் போதும்.

தயவுசெய்து இதை எமிஸில் இன்னொரு பதிவாக மாற்றிவிட வேண்டாம். எத்தனை நிமிடம் போர்டு ஓடியது என்று எண்ணத் தொடங்கினால், ஆளில்லாத அறையில் வீடியோ ஓடும். நீங்கள் வகுப்புக்குள் வரும்போது கையில் படிவம் இல்லாமல் வாருங்கள். ஆசிரியரின் மேல் குறை எழுத வரவில்லை, பயிற்சியில் எது வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்தில் ஏழு பள்ளிகளில் வீடியோவை நிறுத்தாமல் ஓடவிடுகிறார்கள் என்றால், திருத்த வேண்டியது பயிற்சியின் அந்தப் பகுதி. அடுத்த சுற்றில் அதற்கு நேரம் கூட்டுங்கள்.

பெட்டகம் மேலிருந்து வருகிறது, அதை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் நான் கேட்டவற்றில் பெரும்பாலானவை பெட்டகத்தைத் தொடாதவை. பாடவாரியாக உட்கார வைப்பது, டேபை ஆசிரியர் கையில் கொடுப்பது, கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது, குறுவள மையத்தில் ஒரு பாடத்தைப் பார்ப்பது, ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வருவது: இவற்றுக்குப் புதிய நிதியும் வேண்டாம். மேலே மாற்ற வேண்டியதற்கு, இராணிப்பேட்டையில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்களிடம் நீங்கள் கொண்டுபோகும் அந்த இரண்டு பத்தித் தாள் நல்ல ஆதாரமாக இருக்கும். பள்ளிகளிலிருந்து வந்த விவரத்தோடு கேட்டால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

மொத்த மாவட்டத்தையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும், எங்கள் ஒன்றியத்தில் ஒரே ஒரு குறுவள மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஆசிரியர்கள் மட்டும். மேலே எழுதிய அந்த ஒரு நோக்கம் மட்டும். நான் தயாரித்த ஒரு நாள் திட்டமும், கோளாறுத் தாளும், வகுப்பில் பார்க்க வேண்டிய குறிப்புகளும் தயாராக இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்லித் திருத்தித் தாருங்கள். பார்வைப் பாடத்துக்கு என் ஏழாம் வகுப்பைத் தருகிறேன். எச்.எம். சம்மதித்துவிட்டார். எந்த வாரம் என்று நீங்கள் சொன்னால், சாவியை வாங்கி, கேபிளைச் சரிபார்த்து, பிள்ளைகளிடமும் விருந்தினர் வருவார்கள் என்று சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அணைக்கட்டு ஒன்றியத்திலிருந்து ஒரு பட்டதாரி ஆசிரியை